பழைய ஸ்பெக்ட்ரம்ல மெமரி போயிருக்கா? எந்த சிப்புன்னு கண்டுபிடிக்கிற வழி

1982ல வந்த சின்க்ளேர் ஸ்பெக்ட்ரம் 48கேங்கிற ஹோம் கம்ப்யூட்டர் உங்ககிட்ட இருந்து, ஆன் பண்ணா கலர் கலரா கட்டம் வந்து அப்படியே நின்னுடுதுன்னா, தயவு செஞ்சு எடுத்ததும் சால்டரிங் அயர்ன தொடாதீங்க. உள்ள 16 மெமரி சிப் இருக்கு, எல்லாத்தையும் புடுங்கி மாத்துறவங்க நிறைய பேர், அதுல போர்டு டிராக் பிஞ்சு போன மெஷின்தான் அதிகம். எந்த சிப் போயிருக்குன்னு அந்த மெஷினே சொல்லும், கேக்கத் தெரிஞ்சா போதும்.

முதல்ல கண்ணால பாருங்க. நம்ம பாண்டி, கடலூர் பக்கம் உப்புக்காத்து. தேவனாம்பட்டினம் ஓரமா இருக்கிற வீட்ல பீரோ மேல பத்து வருஷம் கிடந்த மெஷின்னா சிப் கால்ல கருப்பும் பச்சையும் கண்டிப்பா படிஞ்சிருக்கும். ஐசி பேஸ்ல உக்காந்திருக்கிற சிப்ப மெதுவா நெம்பி எடுத்து, காலையும் பேஸையும் ஐபிஏ (ஐசோப்ரொபைல் ஆல்கஹால்) தொட்டு பழைய டூத் பிரஷ்ஷால தேச்சு, நல்லா காஞ்சப்புறம் திருப்பி மாட்டுங்க. மெமரி போச்சுன்னு வர மெஷின் சிலது இதுலயே சரியாயிடும்.

அடுத்தது சப்ளை, இதத் தாண்டி யாரும் போகக் கூடாது. ஸ்பெக்ட்ரமுக்கு 9 வோல்ட் டிசி, பின்னோட நடு முனை நெகட்டிவ். இப்ப கடையில கிடைக்கிற அடாப்டர்ல பெரும்பாலும் நடு முனை பாசிட்டிவ், சண்டே மார்க்கெட்ல எடுத்தத அப்படியே சொருகினா மெஷின் காலி. 16 சிப்புல லோயர் ராம்னு சொல்ற ஐசி 6 முதல் 13 வரைக்கும் இருக்கிற எட்டும் 4116 வகை, அதுக்கு மூணு வோல்டேஜ் வேணும். முதல்ல பவர் இல்லாம 8வது காலுக்கும் 16வது காலுக்கும் நடுவுல ரெசிஸ்டன்ஸ் பாருங்க, ஷார்ட் காட்டுச்சுன்னா ஆன் பண்ணவே வேணாம். ஷார்ட் இல்லன்னா ஆன் பண்ணி, மீட்டரோட கருப்பு வயர 16ல வச்சுட்டு, 1வது கால்ல மைனஸ் 5, 8ல பிளஸ் 12, 9ல பிளஸ் 5 வருதான்னு பாருங்க. கை நடுங்காம வைக்கணும், பக்கத்து காலோட ஒட்டிட்டா 12 வோல்ட் போகக் கூடாத இடத்துக்குப் போயிடும். மைனஸ் 5 இல்லாம 12 மட்டும் வந்துச்சுன்னா 4116 சூடாகி செத்துடும், அதனால டிஆர்4ங்கிற டிரான்சிஸ்டர சுத்தி இருக்கிற, இந்த வோல்டேஜ குடுக்கிற கன்வெர்ட்டர சரி பண்ணாம புது சிப் போட்டா புதுசும் சேந்து போகும். இதே சிப் ஷார்ட் ஆகி அந்த டிரான்சிஸ்டர கொல்றதும் உண்டு, ரெண்டு பக்கமும் பாக்கணும்.

வோல்டேஜ் சரியா இருக்கா, இப்ப ஸ்கிரீன உத்து பாருங்க. படம் லோயர் ராம்லதான் இருக்கு. ஒரு வரியில 256 புள்ளி, எட்டு புள்ளிக்கு ஒரு பைட், அதாவது எட்டு பிட் (பிட்னா 0 அல்லது 1). எட்டு சிப்பும் ஆளுக்கு ஒரு பிட் வச்சிருக்கு. அதனால ஒரு சிப் போச்சுன்னா எட்டு புள்ளிக்கு ஒன்னுன்னு மேலேந்து கீழ வரைக்கும் 32 நேர்கோடு நிக்கும். அந்த கோடு எட்டுல எந்த புள்ளியில இருக்குன்னு எண்ணுங்க. இடது ஓரம்னா பிட் 7, வலது ஓரம்னா பிட் 0. பிட் 0 ஐசி 6, அங்கேந்து வரிசையா போய் பிட் 7 ஐசி 13. கலர் விவரமும் இதே சிப்புலதான் இருக்கு, பிட் 7 ஒன்னுலயே மாட்டிக்கிட்டா மொத்த ஸ்கிரீனும் மின்னும். எனக்கு இந்த மெஷின்ல ரொம்ப பிடிச்ச விஷயமே இதுதான், ஒரு சிப்போட நோய டிவியில நேரா பாக்கலாம்.

சின்க்ளேர் பேரு வந்து மெஷின் நல்லா ஓடுது, ஆனா பெரிய கேம் ஏத்தினா நின்னுடுதுன்னா சந்தேகம் அப்பர் ராம் மேல, அதாவது ஐசி 15 முதல் 22. இப்படி அடிங்க (பீக்னா ஒரு முகவரியில இருக்கிறத படிக்கிற கட்டளை): பிரிண்ட் பீக் 23732 + 256 * பீக் 23733. 65535 வரணும். 32767 வந்தா மேல இருக்கிற 32கே மெஷினுக்கு தெரியவே இல்ல. நடுவுல ஏதோ நம்பர் வந்தா அதுக்கு அடுத்த முகவரியில தகராறு. ஆனா 65535 வந்துடுச்சுன்னு நம்பிடாதீங்க. ஆன் ஆகும்போது ரோம் (மெஷினுக்குள்ளயே பதிஞ்சிருக்கிற புரோகிராம்) பண்ற டெஸ்ட் எல்லா இடத்துலயும் 2ன்னு எழுதி படிக்கிறது மட்டும்தான், அதனால பிட் 2லேந்து 7 வரைக்கும் ஏதாவது பூஜ்யத்துல மாட்டியிருந்தா அந்த டெஸ்ட்டுக்கு தெரியாது.

அதனால நாமளே சோதிக்கணும். முதல்ல க்ளியர் 32767, அப்புறம் போக் 40000,255 குடுத்துட்டு (போக்னா எழுதற கட்டளை) பிரிண்ட் பீக் 40000. 255 வந்தா சரி, 251 வந்தா 4 குறையுது, அது பிட் 2 (பிட் 0லேந்து வரிசையா மதிப்பு 1, 2, 4, 8ன்னு ரெட்டிப்பாகும்). அடுத்து போக் 40000,0 குடுத்து படிங்க, 4 வந்தா அதே பிட் 2 ஒன்னுல மாட்டியிருக்கு. பிட் 0 ஐசி 15, அப்ப பிட் 2 ஐசி 17. இதையே ஃபார் லூப்ல 32768லேந்து 65535 வரைக்கும் ஓட விடுங்க, மெதுவாத்தான் போகும், போய் டீ குடிச்சிட்டு வாங்க. உறுதி பண்ண மீட்டர பீப்ல வச்சு (பவர் ஆஃப்ல) சிப்போட 14வது காலயும் இசட்80 பிராசசரோட 12வது காலயும் தொடுங்க, பீப் வந்தா பிட் 2 அதுதான். லோயர் ராம்ல இந்த வழியில நடுவுல 470 ஓம் ரெசிஸ்டர் இருக்கு, அங்க பீப் எதிர்பாக்காதீங்க.

ஒரே நேரத்துல நாலஞ்சு பிட் தப்பா வந்தா சிப்ப குத்தம் சொல்லாதீங்க. எட்டு சிப் ஒன்னா சாகறது அபூர்வம், முகவரி பிரிச்சு குடுக்கிற 74எல்எஸ்157 ரெண்டையும் (ஐசி 25, 26) முதல்ல பாருங்க.

ஃப்ரான்ஸ்ல இருக்கிற சொந்தக்காரங்க கொண்டு வந்த ஆம்ஸ்ட்ராட் 464ஓ, கமடோர் 64ஓ மாதிரி பழைய கம்ப்யூட்டர் வீட்ல கிடந்தாலும் கணக்கு இதேதான், எட்டு 4164 சிப், ஆளுக்கு ஒரு பிட். கமடோர் ஆன் ஆனதும் 38911 பைட் ஃப்ரீன்னு காட்டணும், குறைஞ்சா மெமரியில தகராறு. ஆனா அதோட பழைய அடாப்டர்ல 5 வோல்ட் ஏறிப் போய் சிப்ப கொல்லும், மெஷின்ல சொருகறதுக்கு முன்னாடி அத தனியா அளந்துடுங்க.

இனி மாத்துறது. பழைய சிப்ப காப்பாத்த நினைக்காதீங்க, கட்டரால கால வெட்டிட்டு ஒவ்வொரு காலா ஈயத்த உருக்கி எடுங்க, ஓட்டைய சால்டர் சக்கரால (ஈயத்த உறிஞ்சுற கருவி) சுத்தம் பண்ணி நல்ல ஐசி பேஸ் போடுங்க. அப்பர் ராம்ல இருக்கிற 4532 ரகம் எல்லாம் ஒரு பாதி மட்டும் நல்லா இருக்கிற 64கே சிப், அதுக்கு பதிலா முழுசா வேலை செய்ற 4164 போடலாம். பாண்டி கடையில கிடைக்கலன்னா சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல கேளுங்க, பழைய போர்டுலேந்து கழட்டினதும் போதும்.

போட்டுட்டு ஆன் பண்ண உடனே முடிஞ்சுதுன்னு மூடிடாதீங்க. சில சிப் குளிர்ல ஒழுங்கா இருந்துட்டு சூடானதும் பிட்ட விட்டுடும், நம்ம ஊர் மே மாசத்துல அது சீக்கிரமே தெரியும். அரை மணி நேரம் ஓட விட்டு, அதே 255 டெஸ்ட்டும் 0 டெஸ்ட்டும் திரும்ப போடுங்க, அதுலயும் சுத்தமா வந்தா மூடி போட்டு ஸ்க்ரூவ முடுக்கலாம்.