மாதிரி ரயில் இன்ஜினில் டீகோடரும் ஒலியும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

டிஜிட்டல் கட்டுப்பாட்டில் தண்டவாளம் வழியே வரும் கட்டளைகளைப் படித்து மோட்டார், விளக்கு, ஒலி ஆகியவற்றை இயக்கும் சிறு மின்சுற்றுதான் டீகோடர். மாதிரி இன்ஜினில் புதிதாகப் பொருத்திய டீகோடர் முதல் ஓட்டத்திலேயே புகைந்துபோனால், பழி பெரும்பாலும் டீகோடரின் மீதே விழுகிறது. உண்மையான காரணமோ, அதன் உறையைப் பிரிப்பதற்கு முன்பே இன்ஜினுக்குள் இருந்திருக்கும்.

பழைய மாதிரிகள் பலவற்றில் மோட்டாரின் சுழலும் பகுதிக்கு மின்சாரம் கொடுக்கும் பிரஷ்களில் ஒன்று நேராக உலோகச் சேசிஸை, அதாவது அடிச்சட்டத்தை, தொட்டுக்கொண்டிருக்கும்; அதே சேசிஸ் ஒரு பக்கச் சக்கரங்கள் வழியாகத் தண்டவாளத்திலிருந்து மின்சாரத்தையும் எடுத்துக்கொள்ளும். சாதாரண நேர்மின்னோட்டத்தில் இதனால் கேடில்லை. டிஜிட்டல் முறையிலோ, தண்டவாளத்தின் மின்னழுத்தம் டீகோடரின் மோட்டார் முனைக்குள் பின்வழியாகப் புகுந்து, கண் இமைக்கும் நேரத்தில் அதைக் கெடுத்துவிடும். கோவை கணபதியிலும் பீளமேட்டிலும் பம்பு மோட்டாருக்குக் காயில் கட்டும் பட்டறைகளில், பாடிக்குக் கரண்ட் இறங்குகிறதா என்று பார்க்காமல் மோட்டாரை வெளியே அனுப்புவதில்லை. அந்தச் சோதனையேதான் இங்கும் தேவை. பழைய வயர்களைக் கழற்றிய பிறகு, மோட்டாரின் இரு முனைகளையும் இரு பக்கச் சக்கரங்களோடும் சேசிஸோடும் மல்டிமீட்டரால் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்க வேண்டும்; எங்கும் பீப் ஒலி வரக்கூடாது. மேல்கூட்டை மூடித் திருகிய பின்னும் ஒருமுறை பார்ப்பது நல்லது, ஏனெனில் திருகு ஏதேனும் ஒரு வயரை நசுக்கியிருக்கலாம்.

அடுத்தது மின்னோட்டத்தின் அளவு. 12 வோல்ட் கொடுத்து, மோட்டார் தண்டை ஒரு கணம் சுழலவிடாமல் பிடித்து, அப்போது ஓடும் ஆம்பியரை அளந்து, அது டீகோடர் தாங்கும் உச்ச அளவுக்குள் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எச்.ஓ. (1:87) அளவு மாதிரிகளுக்கான டீகோடர்கள் பொதுவாக 1 ஆம்பியர் அளவைத் தாங்குபவை. பழைய திறந்த அமைப்பு மோட்டார்கள் இதை எளிதில் தாண்டிவிடும்.

வயர்களின் நிறங்கள் ஊகத்திற்கு உரியவை அல்ல. சிவப்பும் கறுப்பும் வலது, இடது தண்டவாளங்களுக்கும், ஆரஞ்சும் சாம்பலும் மோட்டாருக்கும், வெள்ளை முன்விளக்குக்கும், மஞ்சள் பின்விளக்குக்கும் உரியவை. நீலம் எல்லா விளக்குகளுக்கும் பொதுவான நேர்முனை. இந்த நீலத்தைச் சேசிஸோடு இணைப்பதும், எல்.இ.டி.யைச் சுமார் 1 கிலோ ஓம் மின்தடை இல்லாமல் சேர்ப்பதும் அடிக்கடி நடக்கும் பிழைகள். அமிலம் கலந்த பற்றவைப்புப் பசையைப் பயன்படுத்தக் கூடாது. அது நாளடைவில் செம்பை அரிக்கும். டீகோடரைக் கறுப்பு இன்சுலேஷன் டேப்பால் முழுவதும் சுற்றி மூடுவதும் தவறு, ஏனெனில் வெளியேற வழியில்லாத வெப்பம் டேப்பின் பசையையும் உருக்கி, டீகோடரையும் வாட்டும்.

ஒலிக்கு வருவோம். ஸ்பீக்கரின் முன்புறம் எழும் அலையும் பின்புறம் எழும் அலையும் கலந்தால் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். ஆகவே, காற்று கசியாத சிறு கூண்டில் பொருத்தாத ஸ்பீக்கர், எவ்வளவு விலை கொடுத்து வாங்கியதாயினும் கொசுவைப் போல முனகும். 8 ஓம் கேட்கும் டீகோடருக்கு 4 ஓம் ஸ்பீக்கரைக் கொடுத்தால் ஒலிபெருக்கிப் பகுதி சூடேறும்.

டீகோடரில் ஏற்றும் இன்ஜின் ஓசைகளின் பதிவான ஒலித்தொகுப்பைத் தேர்ந்தெடுப்பதில்தான் நம் பக்கத்தில் கூடுதல் கவனம் வேண்டும் என்பது என் கருத்து. இன்ஜின் ஓசையைக் கேட்டே வளர்ந்த ஈரோட்டுக்காரர்களை ஏமாற்ற முடியாது. ஈரோடு ஷெட்டில் நெடுநாள் இருந்த டபிள்யூ.டி.எம்.-2 போன்ற ஆல்கோ வகை டீசல்கள் நான்கு வீச்சு இயந்திரம் கொண்டவை, டபிள்யூ.டி.பி.-4 இரண்டு வீச்சு இயந்திரம் கொண்டது. முதலாவதற்கு இரண்டாவதன் ஓசையை ஏற்றினால் இன்ஜின் நின்றுகொண்டிருக்கும்போதே குட்டு வெளிப்பட்டுவிடும். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும் எக்ஸ் வகை நீராவி இன்ஜின் இன்னும் சிக்கலானது. கல்லாறு வரை ஒரு ஜோடி உருளைகளே இயங்க, அதற்கு மேல், நடுவில் பல்வரிசை பதித்த பற்சட்டப் பாதையில் இரண்டாவது ஜோடியும் சேர்ந்து உழைப்பதால், சமதளத்தின் மூச்சும் மலையின் மூச்சும் ஒன்றல்ல. இந்த வேறுபாட்டைக் கட்டுப்பாட்டுக் கருவியின் ஒரு செயல்விசையில் (function key) வைத்துக்கொள்ளலாம். எண்ணெய் எரிப்புக்கு மாற்றப்பட்ட வண்டிக்கு நிலக்கரி அள்ளும் ஓசையைக் கொடுப்பது வேடிக்கையாகத்தான் இருக்கும்.

பொருத்தி முடித்ததும் இன்ஜினை நேராக முதன்மைத் தடத்தில் வைத்து முழு மின்சாரம் கொடுப்பது பேராசை. டீகோடரின் அமைப்புகளைப் படிக்கவும் மாற்றவும் உள்ள, மின்னோட்டம் மிகக் குறைவாக வரும் நிரல் தடத்தில் (programming track) வைத்தால், தவறான இணைப்பு இருந்தாலும் டீகோடர் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். அங்கே புது டீகோடரின் தொடக்க முகவரியான 3 படிக்கப்படுகிறதா என்று முதலில் பாருங்கள். சில ஒலி டீகோடர்கள் நிரல் தடத்தின் சிறு மின்னோட்டத்தில் பதில் சொல்லாமல் போவதுண்டு. அதைக் கண்டு உடனே வயர்களைப் பிய்க்க வேண்டியதில்லை, நிரல் தடத்திற்கென விற்கப்படும் பூஸ்டரைச் சேர்த்துப் பார்க்கலாம்.

பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடிக்காற்று வீசும் மாதங்களில் பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் தண்டவாளத்தில் தூசி படிவதால் ஒலி விட்டுவிட்டு ஒலிக்கும். மின்சாரம் விட்டுப்போகும் நொடிகளை ஈடுகட்ட உடனே மின்தேக்கியைச் சேர்க்கும் ஆசை வரும். முதலில் சக்கரங்களையும் தண்டவாளத்தையும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்துப் பாருங்கள்; அதன் பிறகும் தேவைப்பட்டால், நேர், எதிர் முனைகளை இருமுறை சரிபார்த்துவிட்டு மின்தேக்கியை இணையுங்கள், முனை மாறினால் அது வெடிக்கக்கூடும்.