ஆறாவது தந்தியைத் தளர்த்துங்கள்: கிட்டாரில் டிராப் டி

தொண்ணூறுகளின் ராக், மெட்டல் கேட்டுக் கிட்டார் வாங்கியவர்கள் முதலில் செய்வது, டிஸ்டார்ஷனை (ஒலியைக் கரகரப்பாக்கும் குமிழ்) முழுசாகத் திருகி வைப்பது. கனம் வராது, கொசு ரீங்காரம்தான் வரும். அந்தக் கனத்தில் பாதி தந்தியில் இருக்கிறது. சவுண்ட்கார்டன், ஹெல்மெட், டூல், ரேஜ் அகென்ஸ்ட் தி மெஷின் என்று பல குழுக்கள் எடுத்தாண்ட சுருதி டிராப் டி: ஆறாவது தந்தியை மட்டும் டி சுரத்துக்கு இறக்கி வைப்பது. சவுண்ட்கார்டனின் கிட்டார் கலைஞர் கிம் தையிலுக்கு (பெற்றோர் கேரளத்துக்காரர்கள்) இதைக் காட்டிக்கொடுத்தவர் மெல்வின்ஸ் குழுவின் பஸ் ஆஸ்போர்ன்.

சுருதி சேர்ப்பது

முதலில் ஆறு தந்திகளையும் வழக்கம்போலச் சேர்த்துக்கொள்ளுங்கள். மாறப்போவது தடித்த ஆறாவது தந்தி மட்டும்: ஈ-யிலிருந்து டி-க்கு, அதாவது 82.4 ஹெர்ட்ஸிலிருந்து 73.4-க்கு.

நான்காவது தந்தி ஏற்கெனவே டி. அதையும் ஆறாவதையும் சேர்த்து மீட்டியபடி ஆறாவதின் முறுக்காணியை மெல்லத் தளர்த்துங்கள். ‘வங்... வங்...’ என்று ஓர் அலை கேட்கும். சுருதி நெருங்க நெருங்க அலை மெதுவாகி அடங்கும். அடங்கிய இடம்தான் டி, ஒரு ஸ்தாயி கீழே. கொஞ்சம் அதிகமாகவே இறக்கிவிட்டு மேலே ஏற்றி நிறுத்துங்கள். இல்லையென்றால் பல்சக்கரத்தின் தளர்ச்சியில் தந்தி மறுபடி நழுவும். நான் முதல் நாள் எதிர்ப்பக்கம் திருகித் தந்தியை அறுத்தவன், அதனால் சொல்கிறேன்: சுருதி இறங்குகிறதா என்று காதால் கேட்டுக்கொண்டே திருகுங்கள்.

ஆறாவது தந்தியின் 7-வது ஃபிரெட்டும் (கழுத்தின் குறுக்கே உள்ள உலோகக் கட்டு) வெறும் ஐந்தாவது தந்தியும் ஒரே சுரமாக ஒலித்தால் சரி. ஒன்று தளர்ந்தால் மற்றவை இம்மியளவு ஏறும், அவற்றையும் ஒருமுறை பாருங்கள்.

ஒரு விரல் போதும்

தடித்த மூன்று தந்திகளும் இப்போது டி, ஏ, டி. சும்மா மீட்டினாலே பவர் கார்டு, அதாவது ஒரு சுரமும் அதன் ஐந்தாவது சுரமும் சேர்ந்த கனமான ஒலி. ஆள்காட்டி விரலைப் படுக்க வைத்து 3-வது ஃபிரெட்டில் மூன்றையும் அழுத்தினால் எஃப், 5-ல் ஜி. விரலின் மீதிப் பகுதி மற்ற மூன்று தந்திகளை லேசாகத் தொட்டுக்கொண்டிருக்கட்டும், அழுத்த வேண்டாம். ஆறாவது தந்தி தளர்ந்திருப்பதால் பலமாக அழுத்தினால் சுருதி ஏறிவிடும்.

பழைய கார்டுகள் அப்படியே வராது. ஆறாவது தந்தி வருகிற இடத்தில் இரண்டு ஃபிரெட் மேலே போக வேண்டும்.

தகதிமி

இனி வலக்கை. உள்ளங்கையின் ஓரத்தைப் பிரிட்ஜ் (கிட்டார் உடலில் தந்திகளைத் தாங்கும் பகுதி) மேல் வைத்துத் தந்தியை அரைகுறையாக அமுக்குவது பாம் மியூட். மெட்ரோனோமை (தாளத் தட்டு ஒலிக்கும் கருவி) நிமிடத்துக்கு 70 தட்டில் வைத்து ஒரு தட்டுக்கு ஒரு தகதிமி: ‘தக’ வெறும் தந்தியில், அமுக்கியபடி, ‘தி’ 3-வது ஃபிரெட்டில், கையை எடுத்து முழங்க விட்டு, ‘மி’ மௌனம், இரண்டு கைகளாலும் தந்தியை நிறுத்துங்கள். அடுத்த தட்டில் ‘தி’ 5-க்குப் போகட்டும்.

புதியவர்கள் சொதப்புவது பெரும்பாலும் அந்த ‘மி’யில்தான். ரேஜ் அகென்ஸ்ட் தி மெஷினின் 1992 முதல் ஆல்பத்தைக் கேளுங்கள்: டாம் மொரெல்லோவின் ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துணுக்கு) நிற்கும் சந்துகளில்தான் ஸாக் டி லா ரோச்சாவின் ராப் புகுந்து உட்காருகிறது.

அப்புறம், டிஸ்டார்ஷன். பாதிக்கு மேல் வேண்டாம். மௌனம் மௌனமாகக் கேட்கிறதா என்று பார்த்துக்கொண்டு ஏற்றுங்கள். ‘மி’யில் இரைச்சல் நுழைந்தால் ஒரு கோடு குறையுங்கள்.