பிக்பூல் வைனுக்கு நம்ம காரைக்குடி சாப்பாட்டுல எது சேரும்

போன பொங்கலுக்கு அத்தான் பிரான்ஸ்ல இருந்து பிக்பூல் தெ பினேன்னு ரெண்டு பாட்டில் வெள்ளை வைன் கொண்டாந்தாரு. முதல் பாட்டிலை நாட்டுக்கோழி குழம்போட வச்சோம், சரியாவே வரல. மிளகாய் காரம் நாக்குல இருக்கறப்ப வைன்ல உள்ள ஆல்கஹால் எரிச்சலை இன்னும் ஏத்தி விடுது, வைனோட வாசமும் ருசியும் சுத்தமா தெரியல. ரெண்டாவதை நண்டோட வச்சோம், அப்பதான் இது எதுக்கான வைன்னு புரிஞ்சுச்சு.

இது தெற்கு பிரான்ஸ்ல லாங்டாக் பக்கம், கடலோரத்துல தோன்னு ஒரு பெரிய உப்பங்கழி இருக்கு, அதை ஒட்டின பினே, மேஸ் மாதிரி ஆறு ஊர்ல விளையற பிக்பூல்ங்கற வெள்ளை திராட்சைல மட்டும் செய்யறது. 2013ல தனி ஏஓசி அந்தஸ்து, அதாவது இன்ன ஊர்ல இன்ன முறையில செஞ்சதுன்னு பிரான்ஸ்ல தர்ற அதிகாரபூர்வ முத்திரை, கிடைச்சுது. உசரமான ஒல்லி பச்சை பாட்டில்ல வரும். புளிப்பு தூக்கலா இருக்கும், பேருக்கே உதட்டைக் குத்தறதுன்னு அர்த்தம் சொல்லுவாங்க. அங்க அதே கழியில வளர்க்கற கடல் சிப்பியை பச்சையா தின்னுட்டு இதைத்தான் குடிக்கறாங்க, அதாவது எலுமிச்சம்பழம் பிழியற வேலையை இந்த வைன் செய்யுது. இதை மட்டும் மனசுல வச்சுக்கங்க, எதுக்கு எலுமிச்சம்பழம் பிழிஞ்சா நல்லா இருக்கும்னு தோணுதோ அதுக்கெல்லாம் இது சேரும்.

நம்ம பக்கம் முதல் சாய்ஸ் தொண்டியில இருந்து வர்ற நண்டுதான். மசாலா அரைச்சு ஊத்தாம உப்பு, மஞ்சள், கொஞ்சம் நசுக்கின மிளகு, பூண்டு போட்டு வேகவச்சு எடுங்க, நண்டோட இனிப்பும் வைனோட புளிப்பும் சேர்றப்ப வேற ஒண்ணுமே வேணாம். மீன் வறுவலும் அருமை, ஆனா வரமிளகாய்த்தூளை பாதியா குறைச்சு மிளகு சீரகம் கூட்டிக்கங்க. இறாலும் அப்படித்தான். சைவம்னா வெள்ளைப் பணியாரம், எண்ணெயில பொரிச்சது, ஒரு வாய் வைன் குடிச்சா அந்த எண்ணெய்ப் பிசுக்கு வாயில நிக்காது, ஆனா மிளகாய் சட்னி வேணாம், தேங்காய் சட்னி போதும். தேன்குழலும் உப்புக்காக நல்லாவே சேரும்.

புளி ஊத்தின மீன் குழம்பு வேணாம், சாப்பாட்டுல புளிப்பு ஜாஸ்தியானா வைன் சப்புன்னு ஆயிடும். கந்தரப்பம் மாதிரி இனிப்போடயும் வைக்காதீங்க, இனிப்புக்கு அப்புறம் குடிச்சா வைன் வெறும் புளிப்பா தெரியும்.

ஜில்லுன்னு இருக்கணும், எட்டுல இருந்து பத்து டிகிரி. ஃப்ரிட்ஜ்ல மூணு மணி நேரம் வச்சா போதும், அவசரம்னா வாளியில ஐஸும் தண்ணியும் ஒரு கை கல்லுப்பும் போட்டு பாட்டிலை முக்கி வைங்க, இருபது நிமிஷத்துல ஆயிடும். நம்ம ஊர் வெயிலுக்கு கிளாஸ்ல கொஞ்சம் கொஞ்சமா ஊத்துங்க, ரொம்ப ஊத்தினா குடிக்கறதுக்குள்ள சூடாயிடும். கிளாஸ்ல ஐஸ் மட்டும் போடாதீங்க, தண்ணியாயிடும். வருஷக்கணக்கா எடுத்து வைக்கற வைனும் இல்ல இது, வந்த வருஷமே குடிச்சிடுங்க. திறந்துட்டு மீந்துச்சுன்னா மூடி ஃப்ரிட்ஜ்ல வைங்க, ரெண்டு நாள் தாங்கும்.