வெயில் நாளுக்கு ஒரு பொயில் மீன்

சித்திரை, வைகாசி வெயிலுக்குள்ள அடுப்படியில நின்று குழம்பு கூட்ட ஆருக்கு மனம் வரும்? யாழ்ப்பாணத்துப் பாசையூரிலோ குருநகரிலோ விளைமீன் கிடைத்தால், விரல் தடிப்பில் துண்டு போடச் சொல்லுங்கோ. உப்பு, மஞ்சள், மிளகாய்த்தூள், தட்டின உள்ளி, கொஞ்சம் நல்லெண்ணெய் பிரட்டிப் பத்து நிமிசம் வையுங்கோ.

அலுமினியப் பொயில் தாளை விரித்து, அதன்மேல் அனலில் வாட்டின வாழையிலை. இலையைத் தவிர்க்க வேண்டாம்: தக்காளிப் புளியும் உப்பும் பொயில் தாளை அரிக்கும். வாசமும் இலையில்தான் இருக்கு. கறிமிளகாய், தக்காளி, சின்ன வெங்காயம், கறிவேப்பிலையைப் பரப்பி மேலே மீனை வைத்து, ஆவி போகாமல் ஓரங்களை இரண்டு தரம் மடியுங்கோ. கத்தரிக்காய் போடுறதென்றால் மெல்லிசாக வெட்டி முதலே வதக்க வேணும். மீன் வெந்தாலும் அது வேகாது.

அவணில் 200 பாகை செல்சியஸ், 15 முதல் 20 நிமிசம். அவண் இல்லாட்டி மூடின தாச்சியில் இடைத்தரமான நெருப்பு, இடையில் ஒருக்கா பிரட்டினால் போதும். சதை வெள்ளையாகி இதழ் இதழாகப் பிரிந்தால் பதம். ஆவி கையைச் சுடும், பார்த்துப் பிரியுங்கோ. தேசிக்காயை இறக்கின பிறகே பிழியுங்கோ. புட்டோடு திறம், சோற்றுக்கென்றால் எனக்கு ஒரு சொதியும் வேணும்.