குளியலறைத் தண்ணீர் சுவிட்ச் போர்டுக்குள் இறங்கினால் என்ன செய்வது? முதல்முறை செய்பவர்களுக்கு

திருவையாற்றில் எங்கள் வீட்டின் கீழ்த்தளம் பழசு. மாடியும் மாடிக் குளியலறையும் பிறகு கட்டியவை. போன ஐப்பசியில் கூடத்து ஃபேன் சுவிட்சைத் தொட்ட அம்மாவுக்குச் சுரீரென்று அடித்தது. எலக்ட்ரீஷியன் வந்து சுவிட்சை மாற்றிவிட்டுப் போனார். பத்து நாளில் மறுபடி அடித்தது. இந்த முறை போர்டைக் கழற்றியபோது ஒயர் வரும் பி.வி.சி. பைப்பின் வாயிலிருந்து தண்ணீர் சொட்டியது. அடைமழைக் காலம், மழைத் தண்ணீர்தான் என்று எல்லாரும் முடிவு கட்டினோம். ஆனால் அது நாங்கள் மாடியில் குளித்த தண்ணீர்.

இந்த வேலைக்கு ஒரு வரிசை உண்டு. கரண்டை நிறுத்துவது, கசிவைக் கண்டுபிடித்து அடைப்பது, சுவரைக் காயவிடுவது, ஒயரிங்கைச் சரி பார்ப்பது, பெயின்ட். நம் ஊரில் தீபாவளி வருகிறதென்று முதலில் பெயின்டரைக் கூப்பிடுகிறோம். அப்புறம் எலக்ட்ரீஷியன், கடைசியில்தான் கொத்தனார். நாங்களும் கசிவைத் தேடாமல் எலக்ட்ரீஷியனோடு நிறுத்திக்கொண்டதால்தான் அம்மாவுக்கு இரண்டாவது முறையும் அடித்தது.

முதல் வேலை: கரண்டை நிறுத்துங்கள்

சுவிட்ச் தொட்டால் சுள்ளென்கிறது, போர்டுக்குள் சரசரவென்று சத்தம், சுவரில் கை வைத்தால் விறுவிறுப்பு, குழாயைத் திறக்கும்போது லேசாக அடிக்கிறது. இவற்றில் ஒன்று இருந்தாலும் மெயின் சுவிட்சை இறக்கிவிடுங்கள். கை உலர்ந்திருக்க வேண்டும், காலில் ரப்பர் செருப்பு, தரையில் ஈரம் கூடாது. மெயின் பெட்டியே நனைந்திருந்தாலோ அதன் கீழே தண்ணீர் தேங்கியிருந்தாலோ நீங்கள் தொடவே வேண்டாம். மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987. கூப்பிட்டு, வெளியிலிருந்து இணைப்பைத் துண்டிக்கச் சொல்லுங்கள்.

பலரும் மறப்பது இன்வெர்ட்டரை. மெயினை இறக்கியதும் இன்வெர்ட்டர் தானாக எடுத்துக்கொள்ளும். லைட்டுக்கும் ஃபேனுக்கும் 230 வோல்ட் வந்துகொண்டேதான் இருக்கும். அதையும் அணைத்த பிறகுதான் கரண்ட் நின்றதாக அர்த்தம். எலக்ட்ரீஷியன் வந்து ஈரம் பட்ட லைனை மட்டும் டி.பி. பெட்டியில் (அறைகளுக்குக் கரண்ட் பிரிந்து போகும் பெட்டி) பிரித்து வைத்துவிட்டால் மற்ற அறைகளுக்குக் கரண்ட் விட்டுக்கொள்ளலாம்.

இரண்டாவது: எந்தத் தண்ணீர்?

டெல்டாவில் இது கொஞ்சம் குழப்பமான கேள்வி. மேட்டூர் திறந்து, கல்லணை திறந்து, ஆற்றில் தண்ணீர் ஓடத் தொடங்கினால் நிலத்தடி நீரும் ஏறும். பழைய செங்கல் சுவர்கள் அதை உறிஞ்சி ஓதம் காக்கும். அந்த ஓதம் தரையிலிருந்து மேலே ஏறும். பெரும்பாலும் மூன்றடிக்குள், சுவர் நெடுக ஒரே கோடாக, உப்புப் பூத்து நிற்கும். குளியலறைக் கசிவு அப்படி இருக்காது. ஓரிடத்தில் திட்டாக இருக்கும், அல்லது கூரையிலிருந்து கீழே வழியும். இன்னொன்று: ஈரம் தெரியும் இடமும் தண்ணீர் புகும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. ஒயர் பைப் தண்ணீருக்கு ஒரு வாய்க்கால் மாதிரி. மாடித் தரையில் புகுந்தது, பைப் வழியே இரண்டு அறை தாண்டிப் போர்டில் வந்து விழும். எங்கள் வீட்டில் அப்படித்தான் ஆனது.

ஈரத் திட்டைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதுங்கள். போர்டை ஒட்டிய இடமென்றால் கரண்ட் இல்லாதபோது மட்டும்.

மூன்றாவது: கசிவைப் பிடிப்பது

இதில் அவசரப்படாதீர்கள். ஒரு சோதனைக்கும் அடுத்ததற்கும் நடுவே அரை நாளாவது விட வேண்டும். இல்லாவிட்டால் எந்தத் தண்ணீர் எதனால் வந்தது என்று தெரியாது.

முதலில், தண்ணீர் உள்ளே வரும் பைப். இரவு எல்லாக் குழாய்களையும் மூடி, மோட்டார் போடாமல், மேல்நிலைத் தொட்டியின் மட்டத்தைக் குச்சியில் குறித்துக்கொள்ளுங்கள். விடியற்காலையில் மட்டம் இறங்கியிருந்து, எந்தக் குழாயும் ஃபிளஷ் தொட்டியும் ஒழுகவில்லையென்றால், சுவருக்குள் ஓடும் பைப்பில் பழுது. நொடிக்கு ஒரு சொட்டு விழுந்தால்கூட நாளொன்றுக்கு நாலு லிட்டருக்கு மேல் ஆகும். யாரும் குளிக்காத நாளிலும் ஈரம் குறையவில்லை என்றால் முதல் சந்தேகம் இந்தப் பைப் மேல்தான்.

மட்டம் அப்படியே இருந்தால், அடுத்தது தண்ணீர் வெளியே போகும் பைப். ஒரு ஹோஸைத் தரையில் தண்ணீர் படாமல் நஹானி டிராப்புக்குள் (தரைத் தண்ணீர் வெளியேறும் ஓட்டை) நேராகச் செருகி, இரண்டு வாளி விடுங்கள். கீழே சொட்டினால் டிராப்பிலோ அதற்குக் கீழுள்ள இணைப்பிலோ ஓட்டை. சொட்டவில்லையா? டிராப்பின் வாயைத் துணி சுருட்டிய பிளாஸ்டிக் பையால் இறுக்கி அடைத்து, தரையில் ஓர் அங்குலத் தண்ணீர் நிறுத்துங்கள். வாசல்படி தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதில் சொட்டு நீலம் கொஞ்சம் ஊற்றி, 24 மணி நேரம் விடுங்கள். கீழே நீலமாக வந்தால் தரை ஓடுகளின் இடுக்குதான் காரணம். நிறமில்லாமல் வந்தாலும் தரையை விட்டுவிடாதீர்கள். ஓட்டுக்கு அடியில் நிரப்பிய செங்கல் ஜல்லியும் மணலும் நிறத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கடைசியாக ஷவரைச் சுவர் மேல் பீய்ச்சிப் பாருங்கள். எங்கள் வீட்டில் டிராப்பைச் சுற்றியிருந்த சிமென்ட் விட்டுப்போயிருந்தது. ஒரு விரல் நுழையும் இடைவெளி.

அடைக்கும் வேலை கொத்தனாருடையது, பிளம்பருடையது. ஒன்று மட்டும் சொல்கிறேன்: ஓட்டு இடுக்கில் வெறும் ஒயிட் சிமென்ட் தடவி முடித்துக்கொள்ளாதீர்கள், சீக்கிரம் பெயர்ந்துவிடும். பழையதைச் சுரண்டி எடுத்துவிட்டு எபாக்ஸி கிரவுட் போடச் சொல்லுங்கள். தரையைத் தாழ்த்திக் கட்டி ஜல்லி நிரப்பிய குளியலறையில் உள்ளே தண்ணீர் தேங்கிவிட்டால், ஓடுகளை எடுத்து வாட்டர்புரூஃபிங் செய்வதைத் தவிர எனக்குத் தெரிந்து வேறு வழியில்லை. வேலை முடிந்ததும் அதே 24 மணி நேரச் சோதனையை மறுபடி செய்யுங்கள், கூலியைக் கணக்குத் தீர்ப்பதற்கு முன்னால்.

நான்காவது: காயவிடுங்கள்

கசிவு நின்ற மறுநாளே சுவர் காய்ந்துவிடாது. வாரக்கணக்கில் ஆகும். கார்த்திகையில் காற்றிலேயே ஈரம் என்பதால் இன்னும் தாமதமாகும். கரண்ட் பிரித்த போர்டின் மூடியை எலக்ட்ரீஷியனைக் கழற்றச் சொல்லி, பிள்ளைகள் கை எட்டாமல் மறைத்து வையுங்கள். வேறு அறை பிளக்கிலிருந்து ஒரு டேபிள் ஃபேன் ஓடட்டும்.

ஐந்தாவது: ஒயரிங்

இதை நீங்கள் செய்யக் கூடாது, ஆனால் என்ன செய்யச் சொல்ல வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும். நனைந்த சுவிட்ச், சாக்கெட், எம்.சி.பி. (லோடு மிஞ்சினால் தானாக விழும் சுவிட்ச்) எதையும் துடைத்து மறுபடி மாட்டக் கூடாது; புதிதாக வாங்குங்கள். செம்பில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தால் பளிச்சென்ற செம்பு தெரியும்வரை வெட்ட வேண்டும், முடியாவிட்டால் புது ஒயர் இழுக்க வேண்டும். டேப் சுற்றிய இணைப்பு பைப்புக்குள் இருக்கவே கூடாது. பிறகு மெக்கர் (ஒயரின் உறை கரண்டைக் கசியவிடாமல் தடுக்கிறதா என்று காட்டும் மீட்டர்) வைத்து அளக்கச் சொல்லுங்கள். 500 வோல்ட் சோதனையில் குறைந்தது 1 மெகாஓம் காட்ட வேண்டும். அதற்குக் கீழென்றால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது, காத்திருங்கள்.

எம்.சி.பி. இருக்கிறதே, ஷாக் அடித்தால் விழுந்துவிடும் என்று நானும் நம்பியிருந்தேன். விழாது. அது 6, 10, 16 ஆம்பியர் என்று ஒயரைக் காப்பாற்றும் கருவி. மனித உயிர் போக ஓர் ஆம்பியரில் பத்தில் ஒரு பங்குகூட வேண்டாம். உயிரைக் காக்க வேண்டியது, கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. வாங்கும்போது அந்த எண்ணைப் பார்த்து வாங்குங்கள். 100, 300 என்றும் விற்கிறார்கள், அவை ஆளைக் காக்க அல்ல. இன்வெர்ட்டர் லைனுக்குத் தனியாக ஒன்று தேவைப்படும், ஏனென்றால் கரண்ட் போன நேரத்தில் மெயினில் இருப்பது அதைக் காக்காது.

ஆர்.சி.சி.பி. மழை நாளில் அடிக்கடி விழுந்தால், "தொந்தரவா இருக்கு, அதை எடுத்துட்டு நேரா கொடுத்துடறேன்" என்று சொல்லும் எலக்ட்ரீஷியனை வாசலோடு அனுப்பிவிடுங்கள். எங்கோ தண்ணீர் தொடுகிறது என்று அது உங்களிடம் சொல்கிறது. அதன் மேல் 'T' (டெஸ்ட்) என்று ஒரு பொத்தான் இருக்கும். மாதம் ஒருமுறை அழுத்துங்கள், உடனே விழ வேண்டும். விழவில்லை என்றால் மாற்றுங்கள்.

இனி பெயின்ட். பென்சில் கோடு இருக்கிறதல்லவா? வழக்கம்போல் எல்லாரும் குளித்துக்கொண்டே ஒரு மாதம் பாருங்கள். ஈரம் கோட்டைத் தாண்டாமல், உள்ளேயே சுருங்கி வெளிறிப்போனால் உப்பைச் சுரண்டிவிட்டுப் பட்டி பார்க்கலாம். நாங்கள் தை பிறந்துதான் அடித்தோம்.