பில் போட்ட தேதியில் பணம் வராது: டெக் ஸ்டார்ட்அப் பிசினஸ் பிளானில் தவிர்க்க வேண்டியவை

"இந்தியச் சந்தை இத்தனை ஆயிரம் கோடி. அதில் ஒரே ஒரு சதவீதம் பிடித்தால் போதும்." சென்னையில் எழுதப்படும் பிசினஸ் பிளான்களில் இந்த வரி இல்லாததைப் பார்ப்பது அரிது. அந்த ஒரு சதவீதத்தை யார் போய்ப் பிடிப்பது? அம்பத்தூர் தொழிற்பேட்டைப் பட்டறைகளுக்கு ஸ்டாக் கணக்கு மென்பொருள் விற்கப்போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு விற்பனையாளர் மாதத்துக்கு எத்தனை பட்டறை ஏறி இறங்குவார், எத்தனை முதலாளிகள் டெமோ பார்ப்பார்கள், அதில் எத்தனை பேர் காசு கொடுப்பார்கள் என்று கீழேயிருந்து கூட்டிக்கொண்டு வாருங்கள். தொகை சின்னதாகத்தான் வரும். வரட்டும், கேள்வி கேட்டால் பதில் சொல்லலாம்.

"எங்களுக்குப் போட்டியே இல்லை" என்பதையும் அடித்துவிடுங்கள். அந்தப் பட்டறையில் டாலி கணக்கு மென்பொருள் இருக்கிறது, வாட்ஸ்அப் குரூப் இருக்கிறது, வருஷக்கணக்கில் நோட்டில் எழுதிவரும் கணக்குப்பிள்ளை இருக்கிறார். அவரைத் தாண்டித்தான் நீங்கள் உள்ளே போக வேண்டும்.

இதெல்லாம் திருத்திக்கொள்ளக்கூடியவை. ஆளையே கவிழ்ப்பது, பில் போட்ட தேதியை எக்செல்லில் பணம் வந்த தேதியாக எழுதுவது. ஏப்ரலில் ஒரு லட்சத்துக்கு பில் போடுகிறீர்கள். 18 சதவீத ஜிஎஸ்டியோடு 1,18,000. மாதாமாதம் ரிட்டர்ன் போடுபவராக இருந்தால், உள்ளீட்டு வரி, அதாவது நீங்கள் வாங்கியவற்றுக்கு ஏற்கெனவே கட்டிய ஜிஎஸ்டி, போக மீதியை மே 20-க்குள் கட்டியாக வேண்டும். வாடிக்கையாளர் பணம் தந்தாரா என்று அரசாங்கம் கேட்காது. அவரோ 60 நாள், 90 நாள் என்று இழுப்பார். கடைசியில் அனுப்பும்போதும் டி.டி.எஸ், அதாவது உங்கள் வருமான வரியில் ஒரு பங்கை, முன்கூட்டியே பிடித்துக்கொண்டுதான் அனுப்புவார். இதற்கிடையில் இரண்டு மூன்று சம்பளத் தேதி வந்து போயிருக்கும். லாபக் கணக்கில் பச்சை, வங்கிக் கணக்கில் பூஜ்யம். குறு, சிறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்குள் பணம் தந்துவிட வேண்டும் என்று 2006-ம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. குறு, சிறு நிறுவனங்களுக்கான அரசின் உத்யம் பதிவைச் செய்து வையுங்கள். ஆனால் பிளானில் 90 நாள் என்றே எழுதுங்கள். முதல் பெரிய வாடிக்கையாளரிடம் சட்டம் பேசும் துணிச்சல் யாருக்கும் வருவதில்லை.

செலவுப் பக்கத்திலும் தேதிதான் பிரச்சினை. ஓஎம்ஆர் சாலை ஐடி நிறுவனத்தில் வேலை பார்க்கும் அனுபவசாலி ஒருவரை ஏப்ரலில் தேர்ந்தெடுத்தால், நோட்டீஸ் காலம் முடிந்து ஜூலையில் வந்தாலே அதிர்ஷ்டம். சர்வரை வாடகைக்குத் தரும் கிளவுட் நிறுவனத்தின் இலவச கிரெடிட் தீர்ந்த மாதத்திலிருந்து சர்வர் பில் எவ்வளவு என்று தனியாக ஒரு வரி வேண்டும். நிறுவனர்களின் சம்பளம் பூஜ்யம் என்று மூன்று வருஷத்துக்கும் போடுவதை, வீட்டு வாடகை கட்டும் எவரும் நம்பமாட்டார்கள்.

அரசு விதை நிதியை வருமானத்தில் சேர்ப்பவர்களும் உண்டு. 2021-ல் வந்த மத்திய அரசின் ஸ்டார்ட்அப் இந்தியா விதை நிதித் திட்டத்தில் மாதிரி வடிவம் உருவாக்க 20 லட்சம் வரை மானியம் என்று விதி இருந்தது. அதுவும் இலக்கை எட்ட எட்டத் தவணையாகத்தான். நிறுவனம் தொடங்கி இரண்டு வருஷத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்றும் இருந்தது.

கடைசியாக, ஒரே ஸ்லைடில் மென்பொருள் நிறுவனங்களான ஜோஹோவையும் ஃப்ரெஷ்வொர்க்ஸையும் முன்மாதிரியாகப் போடும் வழக்கம். 1996-ல் தொடங்கிய ஜோஹோ வெளி முதலீட்டாளர்களை நம்பாமல் தன் வருமானத்திலேயே வளர்ந்தது. 2010-ல் சென்னையில் தொடங்கிய ஃப்ரெஷ்வொர்க்ஸ் முதலீடு திரட்டி வளர்ந்து, 2021-ல் அமெரிக்கப் பங்குச் சந்தையான நாஸ்டாக்கில் பட்டியலானது. இரண்டில் எந்த வழி என்று முடிவெடுக்காமல் 'நிதித் தேவை' பக்கத்தை எழுதவே முடியாது.