எண்ணெய் விலை ஏறினால் யாரைப் பிடிப்பது? தோட்டப் பட்டணத்துக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் மாதிரி ஊரில் பெட்ரோல், டீசல் எண்ணெய் விலை ஏறினால் முதல் திட்டு எண்ணெய் ஸ்டேஷன் கவுண்டரில் நிற்கும் பிள்ளைக்கு. அடுத்தது ஓய்பிக்கு, அதாவது நாம் ஓட்டுப் போட்டு அனுப்பிய மக்கள் பிரதிநிதிக்கு. சாயங்காலம் மாமாக் கடையில் மேசைக்கு மேசை பிரதமர், பெட்ரோனாஸ், அமெரிக்கா என்று வரிசை நீளும். திட்டுவது அவரவர் உரிமை. ஆனால் பதில் வேண்டுமென்றால், விலையில் எந்தப் பங்கு யார் கையில் இருக்கிறது என்று பிரித்துப் பார்த்து, அந்தக் கேள்வியை அவரிடம் மட்டும் கேட்க வேண்டும்.

விலையைப் பிரித்துப் பார்ப்பது

பம்பில் தெரியும் எண்ணுக்குப் பின்னால் 1983 முதல் இருந்துவரும் ஒரு கணக்கு முறை உண்டு. சுருக்கமாக ஏபிஎம் என்பார்கள். சிங்கப்பூர்ச் சந்தையில் சுத்திகரித்த பெட்ரோலின் சராசரி விலையே அதன் அடிப்படை. அதன்மேல் ஒரு சிறு திருத்தத் தொகை, போக்குவரத்து நிர்வாகச் செலவு, எண்ணெய் நிறுவனத்தின் பங்கு, ஸ்டேஷன்காரரின் பங்கு ஆகியவை சேரும். இதில் வருவது சந்தை விலை. அதற்கும் நாம் கொடுப்பதற்கும் உள்ள இடைவெளியை அரசாங்கம் மானியமாகக் கட்டுகிறது.

ஸ்டேஷன்காரருக்கு லிட்டருக்கு 15 சென். 2019-க்கு முன் 12.19 சென்னாக இருந்தது. நிறுவனத்துக்கு 5 சென். செலவினங்கள் ஏறக்குறைய 10 சென். ஆக, சிங்கப்பூர் விலைக்கு மேல் உள்ளூரில் சேர்வது சுமார் 30 சென்தான். உலக விலை இரண்டு மடங்கானாலும் ஸ்டேஷன்காரரின் 15 சென் அப்படியே நிற்கும். நீங்கள் கிரெடிட் கார்டில் கட்டினால் வங்கிக் கட்டணமும் அதிலிருந்தே போகிறது. விலையேற்றத்துக்காக அவரைத் திட்டுவதில் பலனில்லை.

மீதிப் பங்கு இரண்டு எண்களைப் பொறுத்தது: டாலர் விலை, ரிங்கிட்டின் மதிப்பு. ஒரு பீப்பாய் 159 லிட்டர். சுத்திகரித்த பெட்ரோல் பீப்பாய் 90 டாலர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு டாலர் 4.20 ரிங்கிட்டாக இருந்தால் 90-ஐ 4.20-ஆல் பெருக்கி 159-ஆல் வகுக்க 2 வெள்ளி (ரிங்கிட்) 38 சென் வரும். ரிங்கிட் சரிந்து 4.80 ஆனால் அதே பெட்ரோல் 2 வெள்ளி 72 சென். எண்ணெய்ச் சந்தையில் ஒன்றுமே நடக்காமல் லிட்டருக்கு 34 சென் ஏறிவிட்டது. 2024 பிப்ரவரியில் ரிங்கிட் ஏறக்குறைய அந்த 4.80-ஐத் தொட்டது. ஆகவே “உலகச் சந்தை” என்று மேடையில் யாராவது சொன்னால், அதில் எண்ணெய் எவ்வளவு, ரிங்கிட் எவ்வளவு என்று திருப்பிக் கேளுங்கள். ரிங்கிட்டுக்கான பதில் மத்தியக் கிழக்கில் இல்லை.

இந்தக் கணக்கில் பலர் சறுக்கும் இடம் ஒன்று. செய்தியில் வருவது பெரும்பாலும் பிரெண்ட் கச்சா எண்ணெய் விலை. கணக்கில் போடவேண்டியது சுத்திகரித்த பெட்ரோல் விலை. கச்சா இறங்கியும் சுத்திகரிப்பாலைகள் நெருக்கடியில் இருந்தால் பெட்ரோல் இறங்காது.

ரோன்97 பலகையைப் பாருங்கள்

உயர்தரப் பெட்ரோலான ரோன்97-க்கு மானியம் கிடையாது. 2010 முதல் சந்தையோடு ஏறி இறங்குகிறது. புதிய விலையைப் புதன் மாலை அறிவிப்பார்கள், வியாழன் பிறந்ததும் அமலுக்கு வரும். எட்டு வாரத்துக்கு ரோன்97 விலையையும் அன்றைய டாலர் மதிப்பையும் காலண்டரின் ஓரத்தில் எழுதி வையுங்கள். உலக விலை ஏறியது என்று சொல்லும் வாரத்தில் ரோன்97 அசையவில்லை என்றால், அந்தப் பேச்சில் ஏதோ இடிக்கிறது. ஆனால் ஒரே வாரத்தை வைத்து முடிவுக்கு வராதீர்கள். கணக்கு சராசரியில் ஓடுவதால், இன்று சந்தையில் விழுந்தது பம்புக்கு வரக் கொஞ்சம் பிந்தும்.

2008-ஐ நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. அந்த ஆண்டு ஜூன் 5-இல் அப்போதைய பிரதமர் அப்துல்லா படாவியின் அரசாங்கம் பெட்ரோலை 1.92-இலிருந்து ஒரே நாளில் 2.70 வெள்ளிக்கு ஏற்றியது. ஊரே கொதித்தது. டிசம்பருக்குள் அது 1.80-க்கு இறங்கிவிட்டது. ஜூலையில் 147 டாலரைத் தொட்ட பிரெண்ட், ஆண்டுக் கடைசியில் 40-க்குக் கீழே விழுந்ததே காரணம். விலை இறங்கும்போது பெயர் வாங்கிக்கொள்ள வருகிறவரிடமும் ஏறும்போது கேட்ட அதே கேள்வியைக் கேட்க வேண்டும்.

வாட்சாப்பில் தமிழ்நாட்டிலிருந்து வரும் “வரியைக் குறை” செய்திகளை இங்கே பொருத்திப் பார்க்காதீர்கள். இந்தியாவில் பம்பு விலையில் வரி பெரும்பங்கு. அதனால்தான் 2021 ஆகஸ்டில் தமிழக அரசு 3 ரூபாய் குறைக்க முடிந்தது; 2022 மே மாதம் மத்திய அரசு 8 ரூபாய் குறைக்க முடிந்தது. நம்மூரில் பெரும்பாலோர் ஊற்றும் சாதாரணப் பெட்ரோலான ரோன்95-இல் சண்டை வரியைப் பற்றியதே இல்லை. மானியம் யாருக்கு, எவ்வளவு என்பதுதான் சண்டை.

அரசாங்கம் செய்யக்கூடியவை, அவற்றை எடைபோடும் விதம்

எந்தக் கட்சி ஆண்டாலும் கையில் இருப்பது சில வழிகள்தான். எல்லாருக்கும் ஒரே மலிவு விலை என்பது ஒன்று: 2021 முதல் 2025 செப்டம்பர் வரை ரோன்95 2.05-இல் நின்றது அப்படித்தான். கேட்க இனிமையானது, ஆனால் அதிகம் ஊற்றுகிறவருக்கே அதிகம் போகும். சந்தை விலை 2.60 என்றால் லிட்டருக்கு 55 சென் மானியம். மாதம் 15 லிட்டர் ஊற்றும் கப்சாய்க்கு (சிறிய மோட்டார் சைக்கிள்) 8 வெள்ளி 25 சென். 200 லிட்டர் குடிக்கும் பெரிய வண்டிக்கு 110 வெள்ளி.

கையில் பணம் கொடுப்பது இன்னொன்று. 2008-இல் 2000 சிசி வரையுள்ள காருக்கு 625 வெள்ளி, 250 சிசி வரையுள்ள மோட்டாருக்கு 150 வெள்ளி கொடுத்தார்கள். இப்படி எந்தத் தொகை அறிவித்தாலும், அதை விலையேற்றத்தால் வகுத்துப் பாருங்கள். 150-ஐ 78 சென்னால் வகுத்தால் 192 லிட்டர், அதாவது மாதம் 16 லிட்டர். மோட்டார்க்காரருக்கு ஏறக்குறைய சரிக்கட்டியது. காருக்கு மாதம் 67 லிட்டர். தினமும் ஈப்போவுக்கு ஓடுகிறவர் மிச்சத்தைத் தன் பையிலிருந்து போட்டார்.

விலையைச் சந்தையோடு மிதக்க விடுவது மூன்றாவது. 2014 டிசம்பரில் அப்படித்தான் செய்தார்கள்; உலக விலை சரிந்துகொண்டிருந்த நேரம் என்பதால் சத்தம் குறைவு.

இப்போது நடப்பில் உள்ளது பூடி95, அதாவது தகுதியுள்ளவர்களுக்கு மட்டும் ரோன்95 மானியம் தரும் திட்டம். 2025 செப்டம்பர் கடைசியில் தொடங்கியபோது லிட்டர் 1.99, மாதம் 300 லிட்டர், மற்றவர்களுக்கு 2.60. இந்த எண்களை அமைச்சரவை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், ஆகவே கடிதத்தில் எழுதுமுன் பூடி மடானி இணையத் தளத்தில் அன்றைய நிலவரத்தைப் பாருங்கள். சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போவுக்குப் போய்வர சுமார் 60 கிலோமீட்டர். 26 நாள் ஓடினால் 1,560 கிலோமீட்டர், லிட்டருக்கு 13 கிலோமீட்டர் ஓடும் காருக்கு 120 லிட்டர். ஆகவே தொடக்கத்தில் வைத்த 300 லிட்டர் வரம்பு தோட்டத்து ஆளுக்கு ஒரு பிரச்சினையே இல்லை. 2.05-இலிருந்து 1.99-க்கு இறங்கியதில் 15 லிட்டர் ஊற்றும் மோட்டார்க்காரருக்கு மிச்சம் மாதம் 90 சென். பேனர் கட்டுகிற அளவுக்கு ஒன்றுமில்லை.

நம்மாட்கள் கேட்க வேண்டியது வேறு இடத்தில் இருக்கிறது. திட்டம் குடிமக்களுக்கு மட்டும், அதுவும் செல்லுபடியாகும் லைசென்ஸ் உள்ளவர்களுக்கு. தோட்டத்திலேயே பிறந்து தலைநரைத்தும் சிவப்பு ஐசியோடு (குடியுரிமை இல்லாத நிரந்தர வசிப்பாளரின் அடையாள அட்டை) இருப்பவர் சந்தை விலை கொடுக்கிறார். லைசென்ஸ் எடுக்காமலே முப்பது வருஷம் லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) வீட்டுக்கும் கடைக்கும் மோட்டார் ஓட்டியவரும் அப்படியே. மானிய விலைக்காக ஸ்டேஷனில் காட்டும் ஐசியின் சிப் தேய்ந்து அங்குள்ள இயந்திரம் படிக்காமல் போவது தனிக் கதை. அதற்குத் தேசியப் பதிவிலாகா போய் மாற்றுவதே வழி, ஸ்டேஷனில் வாதாடி ஆகப்போவது ஒன்றுமில்லை.

“எண்ணெய் ஏறிடுச்சு” என்று ஏற்றுகிறவர்கள்

உண்மையில் வீட்டுக் கணக்கைக் கடிப்பது இதுதான். பம்பில் சில சென், பள்ளி வேனில் 30 வெள்ளி. இங்கே கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு பேசினால் ஓய்பியே தேவையில்லை.

2024 ஜூன் 10-இல் தீபகற்பத்தில் டீசல் 2.15-இலிருந்து 3.35-க்குப் போனது. லிட்டருக்கு 1 வெள்ளி 20 சென். ஒரு பள்ளி வேன் 12 பிள்ளைகளோடு நாளுக்கு 40 கிலோமீட்டர் ஓடுகிறது, லிட்டருக்கு 10 கிலோமீட்டர் என்று வையுங்கள். நாளுக்கு 4 லிட்டர், 22 நாளுக்கு 88 லிட்டர். கூடுதல் செலவு 105 வெள்ளி 60 சென். 12-ஆல் வகுத்தால் ஒரு பிள்ளைக்கு 8 வெள்ளி 80 சென். 10 வெள்ளி ஏற்றினால் நியாயம். 30 ஏற்றினால், மீதி எதற்கு அண்ணே என்று கேட்கலாம். டயர், இன்சூரன்ஸ், அட்டெண்டன் சம்பளம் என்று பதில் வரலாம், அதுவும் நியாயமாக இருக்கலாம். ஆனால் அது எண்ணெய்க் கணக்கு இல்லை. அதோடு, முறையாகப் பதிந்த பள்ளிப் பேருந்துகளுக்கு அரசாங்கத்தின் டீசல் கார்டில் 1.88 விலை அறிவிக்கப்பட்டிருந்தது. முதல் கேள்வி அதுதான்: கார்டு எடுத்தாரா? எடுக்கவில்லை என்றால் பெற்றோர் சேர்ந்து விண்ணப்பிக்க உதவுங்கள். பல வேன்காரர்களுக்கு எண்ணெயைவிட அந்தக் கணினி விண்ணப்பம்தான் மலை.

காய்கறிக்கும் இதே வழி. கேமரன் மலையிலிருந்து 3 டன் ஏற்றிவரும் லோரி, போய்வர 240 கிலோமீட்டர், லிட்டருக்கு 6 கிலோமீட்டர். 40 லிட்டர். கூடுதல் 48 வெள்ளி. 3,000 கிலோவால் வகுத்தால் கிலோவுக்கு 1.6 சென். சாவிக் கீரை கிலோவுக்கு 1 வெள்ளி ஏறியதற்கு லோரியைக் காட்ட முடியாது. மழை, உரம், ஆள் பற்றாக்குறை, இடைத்தரகர் என்று வேறெங்கோ தேட வேண்டும். சரக்கு லோரிகளுக்கும் கார்டில் 2.15 விலை இருந்தது என்பதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சந்தேகம் வலுத்தால் புகார் உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சுக்கு. இணையத்தில் அவர்களின் இ-அடுவான் வழியே அனுப்பலாம். பழைய ரசீதும் புதிய ரசீதும் வேண்டும். “எல்லாக் கடையிலும் ஏற்றிவிட்டார்கள்” என்ற புகாரை வைத்து எந்த அதிகாரியும் எந்தக் கடைக்கும் போக முடியாது. பம்பு அளவு குறைகிறது என்ற சந்தேகமும் இதே அமைச்சுக்குத்தான்: ஸ்டேஷன் பெயர், பம்பு எண், நேரம், ரசீது, பம்பில் ஒட்டியிருக்கும் சோதனை ஸ்டிக்கரின் படம். பம்பு எண்ணை மறந்துவிட்டால் மற்றதெல்லாம் வீண்.

ஓய்பிக்கு மனு

எந்த ஓய்பி என்பதில்தான் பாதி மனுக்கள் வீணாகின்றன. ஜாலோங், லிந்தாங் சட்டமன்ற உறுப்பினர்கள் பேராக் மாநிலக் காரியங்களுக்கு. எண்ணெய் விலை மத்திய அமைச்சரவையும் நிதி அமைச்சும் முடிவு செய்வது. மனு சுங்கை சிப்புட் நாடாளுமன்ற உறுப்பினருக்குப் போக வேண்டும், நகல் நிதி அமைச்சுக்கு.

மலாயில் எழுதுங்கள். ஓய்பி தமிழராகவே இருந்தாலும் கடிதம் அடுத்து போவது மத்திய அரசாங்கம் இயங்கும் புத்ராஜெயாவில் ஒரு கோப்புக்குள். ஒரு பக்கம், ஒரு கோரிக்கை. “விலையைக் குறையுங்கள்” என்று எழுதினால் “அரசாங்கம் பரிசீலித்து வருகிறது” என்று ஒரு வரி வரும், அதோடு சரி. இப்படிக் கேட்டுப் பாருங்கள்: “எங்கள் தோட்டத்தில் சிவப்பு ஐசி வைத்திருப்போர் இத்தனை பேர்; அவர்களில் மோட்டார் லைசென்ஸ் உள்ளவர்கள் இத்தனை பேர். நிரந்தர வசிப்பாளர்களைப் பூடி95-இல் சேர்க்க ஆகும் செலவை நிதி அமைச்சு கணக்கிட்டதா? கணக்கிட்டிருந்தால் எவ்வளவு?” இதற்கு ஆம், இல்லை, அல்லது ஓர் எண்தான் பதிலாக வர முடியும். அந்த “இத்தனை”யை நீங்கள்தான் எண்ண வேண்டும். கோயில் கமிட்டியோ தொழிற்சங்கக் கிளையோ ஒரு சனிக்கிழமை லயம் லயமாகப் போனால் முடிந்துவிடும். பெயர்ப் பட்டியலும் ஐசி எண்களும் கமிட்டியிடமே இருக்கட்டும், மனுவில் எண்ணிக்கை போதும்.

மனுவின் கடைசி வரியில், இதை மக்களவையில் எழுத்துப்பூர்வக் கேள்வியாகக் கேட்கும்படி கோருங்கள். கேள்விகளைக் கூட்டத் தொடருக்கு முன்பே அனுப்ப வேண்டும் என்பதால், தொடர் தொடங்கிய பிறகு மனு கொடுத்தால் அடுத்த தொடருக்குத்தான் போகும். நாடாளுமன்ற இணையத் தளத்தில் கூட்டத் தேதிகள் இருக்கின்றன. குறைந்தது ஒன்றரை மாதம் முன்னதாகக் கொடுங்கள்.

சேவை மையத்தில் படம் எடுத்துக்கொண்டு திரும்பாதீர்கள். நகலில் முத்திரை, தேதி, வாங்கியவர் பெயர் வேண்டும். தொடர் முடிந்ததும் அதே நகலோடு போய், கேள்வியின் எண்ணையும் அமைச்சர் தந்த பதிலின் பிரதியையும் கேளுங்கள். கேள்வி போகவே இல்லை என்றால், அதே மனுவை எதிர்த்தரப்பு நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவருக்கு அனுப்பி, அப்படி அனுப்பியிருப்பதை உங்கள் ஓய்பிக்கும் ஒரு வரியில் தெரியப்படுத்துங்கள்.